தம்பிக்காகக் கேட்ட அக்காவுக்கு

நீங்க மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. தம்பி ஜனவரி முதல் வாரத்துல அமெரிக்காவுல 7 காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டான், இப்ப பிப்ரவரி கடைசி, ஒரு இடத்துல இருந்து கூட இன்டர்வியூவுக்கு கூப்பிடல, அப்ப கெடைக்காதுன்னு அர்த்தமா. நாமளே மெயில் போட்டு கேக்கலாமா. ராத்திரி ஒரு மணி வரைக்கும் அப்ளிகேஷன் நெலமையக் காட்டற காலேஜ் போர்ட்டலத் தொறந்து தொறந்து பாக்கறான், ப்ளஸ் டூ பரீட்சை தலைக்கு மேல இருக்கு, படிக்க மாட்டேங்கறான், சோறும் சரியா எறங்கல, நீங்க புதுச்சேரியில வேலையில இருக்கீங்க, அவன் கடலூர்ல அப்பா அம்மாவோட இருக்கான், என்ன பண்றது. எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். இந்த மூணுக்கும் அடியில நீங்க கேக்கறது ஒண்ணுதான்னு எனக்கு படுது, இந்த நேரத்துல எங்களால செய்ய முடிஞ்சது ஏதாவது இருக்கா, இல்ல கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா. இருக்குங்க. அதுல பாதி வேலை அமெரிக்காவுக்கு சம்பந்தமே இல்லாதது.

நான் கடலூர்ல ஹையர் செகண்டரி கணக்கு டீச்சர், 26 வருஷம் ஆச்சு. ஜூலை, ஆகஸ்ட் வந்தா எங்க வீட்டு கூடத்துலதான் தெருவுல பாதி பிள்ளைங்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் சாய்ஸ் ஃபில்லிங் நடக்கும். வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணின பிள்ளைங்க கம்மி, இத்தன வருஷத்துல 14 பேருக்கு கூட இருந்து ரெக்கமண்டேஷன் எழுதி, மார்க் ஷீட் அனுப்பி வெச்சிருக்கேன். 4 பேர் போனாங்க, மத்த 10 பேர் இங்கயே படிச்சாங்க. அட்மிஷன் கமிட்டியில நான் உக்காந்தது கிடையாது, அதனால உள்ள நடக்கறதப் பத்தி அந்தக் காலேஜுங்களே வெளிய சொன்னத வெச்சுதான் சொல்றேன். காத்திருக்கற வீடு எப்படி இருக்கும்ங்கறது மட்டும் எனக்கு நேராவே தெரியும்.

உறுதியா தெரிஞ்சத முதல்ல சொல்லிடறேன். இன்டர்வியூ வரலன்னா ரிஜெக்ட்னு அர்த்தமே கிடையாது. பெரும்பாலான காலேஜுல இன்டர்வியூ எடுக்கறது அங்க முன்னாடி படிச்சு முடிச்சவங்க, சம்பளம் இல்லாம அவங்க நேரத்துல செய்யற வேலை அது. எந்த ஊர்ல எத்தன பேர் இருக்காங்க, அந்த வருஷம் அவங்களுக்கு நேரம் இருந்துச்சாங்கறதப் பொறுத்துதான் கூப்பிடுவாங்க. எல்லாருக்கும் குடுக்க ஆள் பத்தாது, கூப்பிடலன்னா அதனால ஒரு குறையும் வராதுன்னு அமெரிக்கா எம்.ஐ.டி., ஹார்வர்ட், பிரின்ஸ்டன் எல்லாமே அவங்க வெப்சைட்லயே எழுதி வெச்சிருக்காங்க. அதே மாதிரி காலேஜுல இருந்து அழகா கலர் போட்டு மெயில் வருதுன்னா அதுக்கும் அர்த்தம் கிடையாது, ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே மெயில் போகும். போர்ட்டல்ல நேத்து இருந்த ஒரு வரி இன்னிக்கு காணோம், எழுத்து கலர் மாறிடுச்சு, இதெல்லாம் சாஃப்ட்வேர்காரங்க வேலை. அங்க ஜனவரி தொடக்கத்துல வாங்கின ஃபைல மார்ச் நடுவுல இருந்து மாசக் கடைசிக்குள்ளதான் முடிவு சொல்வாங்க. எம்.ஐ.டி. பல வருஷமா மார்ச் 14 சாயங்காலம் 6:28க்கு வெளியிடறது வழக்கம், 3.14ங்கற பை, அதோட ரெண்டு மடங்கு 6.28ங்கற தா, ரெண்டும் சேர்ந்த கணக்கு அது, நம்ம கடிகாரத்துல 15ஆம் தேதி விடியகாலம் 3:58. ஹார்வர்ட், யேல் உள்பட ஐவி லீக்னு சொல்ற எட்டு காலேஜும் மார்ச் கடைசியில ஒரே சாயங்காலத்துல வெளியிடும், பெரும்பாலும் அவங்களுக்கு ஏழு மணி, நமக்கு விடியகாலம் 4:30. பிப்ரவரியில ஒண்ணும் வரலன்னா இன்னும் நாள் வரல, அவ்ளோதான்.

இது தம்பிக்கும் தெரியும், அவன் எல்லாத்தையும் படிச்சிருப்பான். தெரிஞ்சும் ஏன் ஒரு மணிக்கு போர்ட்டலத் தொறக்கறான்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். நம்ம பிள்ளைங்களுக்கு காத்திருக்கறது புதுசு கிடையாது. ஆனா அவங்க பழகின காத்திருப்புல கையில ஒரு நம்பர் இருக்கும். பரீட்சை முடிஞ்சு ஸ்கூல் கேட்டத் தாண்டறதுக்குள்ளயே கேள்வித்தாள் பின்னாடி கணக்கு போட்டுடுவாங்க, கணக்குல 98, பிசிக்ஸ்ல 95, கெமிஸ்ட்ரில 97, இன்ஜினியரிங் கட்ஆஃபுக்கு கணக்கு முழுசா, மத்த ரெண்டும் பாதியா, அப்ப 98, 47.5, 48.5, மொத்தம் 200க்கு 194. போன வருஷம் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல எந்த பிராஞ்ச் எதுல மூடுச்சுன்னு பாப்பாங்க, கெடைக்குமா கெடைக்காதான்னு பாதி அன்னிக்கே தெரிஞ்சிடும். ஒரே கட்ஆஃப்ல பத்து பேர் நின்னா கூட கணக்கு மார்க், பிசிக்ஸ் மார்க்னு ஆரம்பிச்சு, பொறந்த தேதி, கடைசியா ரேண்டம் நம்பர் வரைக்கும் விதி இருக்கு. மே மாசம் பூரா பயந்துகிட்டு இருந்தாலும் அந்த பயத்துக்கு ஒரு கைப்பிடி இருக்கும். அமெரிக்க அப்ளிகேஷன்ல அந்த கைப்பிடியே இல்ல. மார்க் பாக்கறாங்க, கட்டுரை பாக்கறாங்க, டீச்சர் லெட்டர் பாக்கறாங்க, எந்த ஸ்கூல்ல இருந்து எந்த வசதியில இருந்து வந்தான்னு பாக்கறாங்க, ஒருத்தருக்கு மேல படிக்கறாங்க, கமிட்டியில வெச்சு பேசறாங்க, ஆனா இதையெல்லாம் கூட்டிப் போட்டு பையன் கையில ஒரு நம்பர் குடுக்கறதில்ல. 12 வருஷம் நம்பரப் பிடிச்சே நடந்த பிள்ளைக்கு கையில ஒண்ணும் இல்லன்னா அவன் ஏதாவது ஒண்ணத் தேடிப் பிடிப்பான், இன்டர்வியூ வந்துச்சா, அவனுக்கு என்ன மெயில் வந்துச்சு, எனக்கு ஏன் வரல. சோம்பேறித்தனத்துல போர்ட்டல் பாக்கறான்னு நெனைக்காதீங்க, அவனுக்குத் தெரிஞ்ச வழியில கணக்கு போடப் பாக்கறான்.

அவன் மட்டும் இல்லங்க, வீடே அப்படித்தான் ஆகும். ஒரு பையனோட அம்மா திருவந்திபுரம் மலையில ஹயக்ரீவருக்கு தேங்கா உடைச்சாங்க, உள்ள அழுகி இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாம மறுநாள் இன்னொரு தேங்கா வாங்கிட்டு தனியா போய் உடைச்சிட்டு வந்தாங்க. ஆனா ஒரு வாரம் பையன் முகத்தப் பாத்து அவங்களால பேச முடியல, அவன் அதப் பாத்துட்டு அம்மாவுக்கு ஏதோ மெயில் வந்து மறைக்கறாங்கன்னு நெனச்சுகிட்டு இருந்தான். ரெண்டு பேரும் தனித்தனியா என்கிட்ட வந்து சொன்னாங்க. கோயிலுக்கு போக வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், நானே போவேன். உங்க அம்மா மனசுல என்ன ஓடுதுன்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்கன்னு மட்டும் சொல்றேன்.

இப்ப யாராலயும் உறுதியா சொல்ல முடியாதது எது எதுன்னா, உங்க தம்பிக்கு கெடைக்குமாங்கறது அதுல முதல். இன்டர்நெட் ஃபோரத்துல எஸ்.ஏ.டி.ங்கற அமெரிக்கப் பரீட்சை மார்க்கயும் அவார்டையும் போட்டு எனக்கு எவ்ளோ சான்ஸ்னு கேக்கறாங்களே, அதுக்கு பதில் சொல்றவங்களும் பெரும்பாலும் இதே மாதிரி காத்திருக்கற பிள்ளைங்கதான். எம்.ஐ.டி., ஹார்வர்ட் மாதிரி எடத்துல நூறு பேர் போட்டா அஞ்சு பேருக்கும் கீழதான் எடுக்கறாங்க, வெளிநாட்டு பிள்ளைங்களுக்கு இன்னும் கம்மி. தகுதி இருக்கறவங்கள்லயே நெறைய பேரத் திருப்பி அனுப்பறோம்னு அவங்களே சொல்றாங்க. இன்னொண்ணு பணம். உதவித்தொகை வேணும்னு கேட்டா அது முடிவ பாதிக்குமாங்கறது காலேஜுக்கு காலேஜ் வேற. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடோயின் மாதிரி சில எடங்கள்ல வெளிநாட்டு பிள்ளைங்களுக்கும் பணம் கேட்டதப் பாக்காமதான் முடிவு எடுக்கறாங்க. மத்த பெரும்பாலான எடத்துல அதுவும் ஒரு காரணமா சேரும். அப்படி ஒரு எடத்துல இருந்து இல்லன்னு வந்தா அது தம்பி திறமைக்கு வந்த மார்க்கா, அந்த வருஷம் அவங்ககிட்ட இருந்த பணத்துக்கு வந்த பதிலான்னு வெளிய இருந்து பிரிச்சு சொல்லவே முடியாது. அவன்கிட்ட இத இப்பவே சொல்லி வைங்க, ரிசல்ட் வந்தப்புறம் சொன்னா ஆறுதலுக்கு சொல்றாங்கன்னு நெனப்பான்.

மெயில் போடலாமான்னா, என்ன ஆச்சுன்னு கேக்க போட வேணாம், புதுசா உண்மையான விஷயம் இருந்தா தாராளமா போடுங்க. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையக் கடந்துச்சே, அந்த வருஷம் என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணுக்கு ஜனவரி 1 கடைசி தேதி. தெருவுல மரம் கெடக்கு, கரண்ட் கம்பம் எல்லாம் சாஞ்சு கெடக்கு, கரண்ட் எப்ப வரும்னு சொல்ல ஆள் இல்ல. 3ஆம் தேதி ரெண்டு பேரும் பஸ் பிடிச்சு சென்னையில என் தங்கச்சி வீட்டுக்கு போயி, ஊர் பேரப் போட்டு, புயல் அடிச்ச தேதியப் போட்டு காலேஜுக்கு நாலே வரி எழுதினோம். மறுநாளே பதில், பத்திரமா இருங்க, முடிஞ்சப்ப அனுப்புங்கன்னு. அந்தப் பக்கம் இருக்கறவங்களும் மனுஷங்கதான்னு எனக்கு அன்னிக்குதான் புரிஞ்சுது. ஆனா சும்மா என் ஃபைல் எந்த நெலமையில இருக்குன்னு கேட்டா அவங்களால சொல்ல முடிஞ்சது ஒண்ணும் இல்ல.

மெயில் போடறதவிட வர்ற மெயில ஒழுங்கா பாக்கறதுதான் முக்கியம், அதுலதான் நம்ம பக்கம் தப்பு நடக்குது. வில்லியனூர் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு, அப்பா பெட்டிக்கடை வெச்சிருந்தாரு. உதவித்தொகைக்கு நெரப்பற சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்ங்கற ஃபார்ம்ல வருமானம் போட்டாச்சு, அதுக்கு ஆதாரம் கேட்டு காலேஜுல இருந்து மெயில் வந்திருக்கு, அது ஸ்பாம்ல போய் விழுந்துடுச்சு. அந்தப் பொண்ணு தினமும் முப்பது தடவ போர்ட்டல் பாப்பா, ஸ்பாமப் பாக்கல. 9 நாள் கழிச்சு தற்செயலா நான் பாத்தேன். பெட்டிக்கடைக்கு சம்பள ஸ்லிப் எங்க இருக்கும், தாசில்தார் வருமான சான்றிதழ், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், கடைய பத்தி அவங்க அப்பா சொல்ல சொல்ல நான் இங்கிலீஷ்ல எழுதி அவர் கையெழுத்து போட்ட ஒரு லெட்டர், மூணையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினோம், ஏத்துக்கிட்டாங்க. அதுல இருந்து நான் எல்லார்கிட்டயும் சொல்றது, போர்ட்டல் பாக்கற வேலைய பிள்ளைகிட்ட இருந்து வாங்கிடுங்க. உங்க வீட்டுல அதுக்கு சரியான ஆள் நீங்கதான், தள்ளி இருக்கீங்க, உங்க முகத்த அவன் தினமும் பாக்கப் போறதில்ல. பாஸ்வேர்ட வாங்கிக்கோங்க, வாரத்துக்கு ரெண்டு நாள், திங்களும் வியாழனும்னு வெச்சுக்கோங்க, 7 போர்ட்டலும், இன்பாக்ஸும், ஸ்பாமும் பாருங்க, ஏதாவது கேட்டிருந்தா மட்டும் அவனுக்கு ஃபோன் பண்ணுங்க. புடுங்கிக்கிட்ட மாதிரி செய்யாதீங்க, நீ பரீட்சை எழுதற வரைக்கும் இந்த வேலைய நான் பாத்துக்கறேன்டான்னு சொல்லி வாங்குங்க. குடுத்தவங்க எல்லாருமே ரெண்டு மூணு நாள் தவிச்சாங்க, அப்புறம் தூக்கம் வந்துச்சு.

இனிமே பரீட்சை. இந்த விஷயத்துல நான் கொஞ்சம் கடுமையாவே சொல்றேன், மன்னிச்சுக்கோங்க. தேவனாம்பட்டினத்துல ஒரு பையன், அப்பாவுக்கு கடல் தொழில். மார்ச் 15ஆம் தேதி விடியகாலம் 3:58க்கு எம்.ஐ.டி. ரிசல்ட்னு தெரிஞ்சு அந்த வீட்டுல ராத்திரி பூரா யாரும் படுக்கல. கீழ சிக்னல் எடுக்காதுன்னு மொட்டை மாடிக்கு ஏறி நிக்கறாங்க, அம்மா சொம்புல டீ கொண்டு வந்து வெச்சிருக்காங்க, பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாம் வலையத் தூக்கிக்கிட்டு படகுக்கு போறது மேல இருந்து தெரியுது, அவங்க அப்பா மட்டும் போகாம மாடி சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. இல்லன்னு வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு கெமிஸ்ட்ரி. அரையாண்டுல 94 வாங்கினவன் பப்ளிக்ல 81 எடுத்தான், கட்ஆஃப்ல ஆறரை போச்சு, அந்த உயரத்துல ஆறரைன்னா ரேங்க் பல ஆயிரம் பின்னாடி போயிடும். அப்புறமா ஒரு நாள் என்கிட்ட சொன்னான், டீச்சர், கெடைக்கலங்கறது கூட பெருசா தெரியல, அப்பா அன்னிக்கு கடலுக்கு போகாம எனக்காக உக்காந்திருந்தாரு, அதத்தான் பரீட்சை ஹால்ல நெனச்சுகிட்டே இருந்தேன்னு. வீட்டுல எல்லாரும் பாசத்துலதான் முழிச்சிருந்தாங்க, அது அந்தப் பிள்ளை தலையில கடனா எறங்கிடுச்சு.

அதனால ரிசல்ட் நேரத்துல உங்க வீட்டுல யாரும் முழிச்சிருக்க வேணாம். பெரும்பாலான காலேஜுங்க ரிசல்ட் தேதிய அவங்களே முன்கூட்டி சொல்லிடுவாங்க, அதப் பரீட்சை டைம்டேபிள் பக்கத்துல எழுதி வைங்க. மறுநாளோ அன்னிக்கோ பரீட்சைன்னா அந்த பரீட்சை முடிஞ்சு வந்தப்புறம்தான் தொறக்கறதுன்னு இப்பவே தம்பியோட பேசி முடிவு பண்ணுங்க, தொறக்கற எடத்துல யார் இருக்கணும்ங்கறதும் அவன் சொல்லட்டும். தனியா இருக்கணும்னா தனியா இருக்கட்டும். 3:58க்கு பாத்தாலும் மத்தியானம் பாத்தாலும் அதே லெட்டர்தான், ஓடிப் போயிடாது. கெடைச்சா கூட அந்த லெட்டர்ல இந்த வருஷத்த நல்லபடியா முடிச்சு ஃபைனல் மார்க் அனுப்பணும்னு நிபந்தனை இருக்கும், ஆக எந்தப் பக்கம் போனாலும் ப்ளஸ் டூ மார்க்கு வேணும். அவனோட காத்திருப்புல இன்னும் அவன் கையில இருக்கற ஒரே பேப்பர் அது. இத பயமுறுத்தற மாதிரி சொன்னா ஏறாது. நான் பசங்கள நம்பர் பக்கம் திருப்பி விடுவேன், கணக்குல இந்த அஞ்சு மார்க் கேள்வி வந்தா உன் கட்ஆஃப் எவ்ளோன்னு போட்டுக் காட்டுன்னு. அவன் தேடற கைப்பிடி அதுல இருக்கு. கவுன்சிலிங், ஜே.இ.இ., மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. எல்லாம் ரெண்டாந்தரம்ங்கற பேச்சு வீட்டுல வந்தா அங்கயே நிறுத்துங்க. என் 14 பேர்ல இங்க தங்கின 10 பேரும் நல்லாத்தான் இருக்காங்க, ஒருத்தி இப்ப டாக்டரேட்டுக்கு உதவித்தொகையோட அதே நாட்டுக்கு போயிருக்கா.

வெயிட்லிஸ்ட்னு வந்தா என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, ஆனா வரும். விருப்பம் இருந்தா இருக்கேன்னு பதில் போட்டு, ஒரு சின்ன லெட்டர் எழுதிட்டு, திட்டம் போடறப்ப அத இல்லன்னே வெச்சுக்கோங்க. எடம் கெடைச்ச பிள்ளைங்க வர்றோமா இல்லையான்னு பெரும்பாலும் மே 1க்குள்ள சொல்லணும், அதுக்கப்புறம்தான் காலி எடம் எவ்ளோன்னே காலேஜுக்கு தெரியும், சில வருஷம் ஒருத்தரக் கூட எடுக்காத காலேஜும் உண்டு.

சொந்தக்காரங்க விஷயம். எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கீங்கன்னு எண்ணிப் பாருங்க. ஒவ்வொருத்தரும் ஃபோன்ல தம்பிக்கு அமெரிக்கா என்னாச்சுன்னு நல்லெண்ணத்துலதான் கேப்பாங்க. அந்த ஃபோன அம்மா எடுக்கட்டும், ஏப்ரல்ல சொல்றோம்னு ஒரே பதில். வீட்டுக்குள்ள அப்பாவும் பாத்தியாடான்னு கேக்கறத விட்டுடணும்.

கடைசியா, தூக்கமும் சாப்பாடும். பரீட்சை நேரத்துல கொஞ்சம் குறையறது எல்லா பிள்ளைக்கும் உண்டு. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே போகுது, இல்ல ஆளோட பேச மாட்டேங்கறான், இல்ல எனக்கு எதுவுமே வேணாம், நான் எதுக்கு இருக்கணும்ங்கற மாதிரி பேச்சு வருதுன்னா என்ன மாதிரி டீச்சர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, அதுக்கு எனக்கு படிப்பு இல்ல. 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழ்ல பேசலாம். நேர்ல காட்டணும்னா புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. காத்திருக்க வேணாம், அன்னிக்கே கூட்டிட்டு போங்க.

இன்னிக்கு ராத்திரி பாஸ்வேர்ட் கையில வந்ததும் முதல் வேலையா அரையாண்டு மார்க் 7 காலேஜுக்கும் போயிருக்கான்னு பாருங்க. நெறைய எடத்துல ஸ்கூல்ல இருந்தே அனுப்பச் சொல்வாங்க, எம்.ஐ.டி. மட்டும் பிப்ரவரியில ஒரு தனி ஃபார்ம் வெச்சிருக்கு, பிள்ளையே மார்க்க நெரப்பி அனுப்பணும். எங்கயாவது விட்டுப் போயிருந்தா அதுதான் நான் சொன்ன உண்மையான விஷயம், தாமதமா அனுப்பறோம்னு ஒரு வரி எழுதி அனுப்பலாம். ஸ்கூல் சீல் வேணும்னா இந்த வாரமே போயிடுங்க, பப்ளிக் ஆரம்பிச்சுட்டா ஆபீஸ்ல ஆளப் பிடிக்கறது கஷ்டம், ஹெச்.எம்.மும் வேற சென்டருக்கு டூட்டிக்கு போயிடுவாங்க.